பாராடாங் ஒருநாள் பயணம்: குகையைப் பார்க்க அந்தச் சாலையில் போகலாமா?

வடகரை:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது, முழங்கால் வலி உண்டு. பையனுக்குப் பத்து வயது. பாறை, எரிமலை, குகை என்றால் சாப்பாடு கூட வேண்டாம் அவனுக்கு.

ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் ஒரு முழு நாள் பாராடாங் தீவுக்கு ஒதுக்கியிருக்கிறார். சுண்ணாம்புக் குகை, மட் வால்கேனோ, பேரட் ஐலண்ட் மூன்றும் ஒரே நாளில். வண்டி, படகு, கைடு எல்லாம் சேர்த்து. விடியற்காலை மூன்று மணிக்கு ஹோட்டல் வாசலில் வண்டி நிற்கும் என்கிறார்.

போனில் பேசும்போது அவரே ஒன்று சொன்னார்: "வழியில் காடு வரும் சார், அதிர்ஷ்டம் இருந்தால் ஜாரவா ஆட்களையும் பார்க்கலாம்." அந்தக் காட்டில் வாழும் பழங்குடி மக்களைத்தான் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒப்பவில்லை. மனிதர்களைப் போய்ப் பார்ப்பதை ஒரு அயிட்டமாகச் சொல்கிறாரே என்று இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு நாளைச் செலவழிக்கும் அளவுக்கு அங்கே இருக்கிறதா? அம்மாவால் முடியுமா? அவர்கள் காட்டின் வழியே போகும் அந்தச் சாலை விஷயம் உண்மையில் என்ன?

கடற்கரையான்:
முதலில் நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன்.

போர்ட் பிளேரிலிருந்து (பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், டிக்கெட்டில் எது இருந்தாலும் குழம்ப வேண்டாம்) பாராடாங் சுமார் 100 கிலோமீட்டர். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். போலீஸ் காவலோடு ஒன்றாக விடும் வண்டி வரிசைக்குக் கான்வாய் என்று பெயர், முதல் கான்வாய் காலை ஆறு மணிக்கு. அதைப் பிடிக்கத்தான் மூன்று மணிக்கே கிளம்பச் சொல்கிறார்கள். அங்கே ஒவ்வொருவர் அடையாள அட்டை நகலோடு படிவம் கொடுக்க வேண்டும், டிரைவரே பார்த்துக்கொள்வார். அதன் பிறகு மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஜாரவா காப்புக்காட்டுக்குள் போகும் சாலை. போலீஸ் வண்டி முன்னால் போகும். நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, வேகம் 40-க்கு மேல் போகக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது.

அம்மா வருகிறார்கள் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் கழிப்பறைக்கு வழியே இல்லை. ஜிர்காடாங்கிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். சாலையில் வளைவுகள் அதிகம், தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றிலோ வயிறு முட்டச் சாப்பிட்டோ ஏறாதீர்கள்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ், லாரி, ஆட்கள் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு பெர்ரி பாராடாங் கரையிலுள்ள நீலாம்பூர் துறைக்குப் போகும். அங்கிருந்து சின்ன ஃபைபர் படகு. அரைமணி நேரத்துக்குள் குகைப் பக்கத் துறைக்கு வந்துவிடலாம். இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் போல நடை. முதலில் மரப்பாலம், அப்புறம் மண்பாதை, கடைசியில் வேரும் கல்லுமாக இருக்கும். திரும்பவும் அதே தூரம். முழங்கால் வலி இருப்பவர்கள் படகில் ஏறி இறங்குவதில்தான் அதிகம் சிரமப்படுவார்கள், படகு ஆடும், பிடிக்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. பேரட் ஐலண்டில் கிளிகள் கூட்டமாக அடைய வருவது சூரியன் சாயும் நேரத்தில். திரும்பும் கடைசிக் கான்வாய் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். அப்படியிருக்க ஒரே நாளில் கிளிகளை எப்படிக் காட்டுவார் என்று உங்கள் ஏஜென்டிடமே கேளுங்கள். பாராடாங்கில் இரவு தங்கினால்தான் அது நடக்கும். இதை ஒருநாள் திட்டத்தில் போட்டிருப்பவர், இடத்தை விசாரிக்காமலே போட்டிருக்கிறார்.

பவளப்பூ:
பையனுக்குப் பாறை பிடிக்கும் என்றீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குகைக்குப் போகும் படகுப் பயணம்தான். அகலமான நீர்ப்பரப்பிலிருந்து படகு திடீரென்று ஒரு சின்ன ஓடைக்குள் திரும்பும். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். எஞ்சினைக் குறைத்துவிடுவார்கள், கிளைகள் தலைக்கு மேல் கூடிக்கொள்ளும், சில இடங்களில் குனிய வேண்டியிருக்கும். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களை அவ்வளவு அருகில் பார்க்கலாம். கையைத் தண்ணீரில் விடாதீர்கள், உப்புநீர் முதலைகள் உள்ள பகுதி அது.

குகை பெரியது என்று எதிர்பார்க்க வேண்டாம். அரக்கு பக்கம் போரா குகையைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் ஒன்றை ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடலடியில் சிப்பி ஓடும் பவளமும் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை, நிலம் மேலெழுந்தபோது கூடவே வந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. அதே நீர் குகைக் கூரையில் சொட்டும்போது வாயு வெளியேறி, சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கித் தங்கி மேலிருந்து தொங்குவது கல்விழுது, சொட்டு விழும் தரையிலிருந்து எழுவது கல்முளை. பொதுவாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு விரல் நீளம் வளரவே நூற்றாண்டுகள் ஆகும்.

நாங்கள் போனபோது கைடு டார்ச்சை ஒரு மெல்லிய படிவத்துக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். திரைச்சீலை மடிப்பாக இருந்த அந்தக் கல் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது, உள்ளே கோடு கோடாக அடுக்குகள். அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, விழவே இல்லை. என் மகள் அது விழும்வரை நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். கூட வந்த ஒருவர் அதற்குப் பக்கத்துக் கல்விழுதைக் கையால் தடவினார். உடனே கைடு தடுத்தார். நம் தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது, கறுத்துவிடும். பலரும் தொட்டுத் தொட்டுக் கீழ்ப்பகுதி முழுக்கக் கறுத்துப் போயிருப்பதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

மட் வால்கேனோவைப் பொறுத்தவரை, எரிமலை என்ற பெயரைக் கேட்டுப் பையன் நெருப்பை எதிர்பார்ப்பான். முன்பே சொல்லிவிடுங்கள். பூமிக்கு அடியில் சேரும் வாயுக்கள், முக்கியமாக மீத்தேன், சேற்றையும் நீரையும் மேலே தள்ளுகின்றன. சாதாரண நாளில் வேலிக்குள் ஒரு சின்ன மேடு, அதில் அடுப்பில் மெதுவாகக் கொதிக்கும் கூழில் வருவது மாதிரி ஒரு குமிழி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஆனால் 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தை அடுத்து இங்கே சேறு பெரிதாகப் பொங்கியது. 2025 அக்டோபரிலும் பெரிதாகக் கக்கியதாகச் செய்தி வந்தது. இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நுழையும் இடத்தில்தான் இந்தத் தீவுகள் உட்கார்ந்திருக்கின்றன, அதோடு சேர்த்துச் சொன்னால் அவனுக்கு அந்தச் சின்னக் குமிழியே பெரிய விஷயமாகத் தெரியும்.

நிழல்தரு:
குகை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வடகரை கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தச் சாலை அந்தமான் டிரங்க் ரோடு, சுருக்கமாக ஏ.டி.ஆர். ஜாரவா மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 380 பேர். இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், ஒரு முழு இனமே 380 பேர். 1997-க்குப் பிறகுதான் அவர்கள் வெளியாட்களோடு சண்டையில்லாமல் நெருங்கத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமாக வந்து போகும் நோய்க்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு இல்லை. 2002-ல் உச்ச நீதிமன்றம் காப்புக்காட்டுக்குள் போகும் சாலைப் பகுதியை மூடச் சொன்னது. இன்றுவரை மூடவில்லை. 2012 தொடக்கத்தில் ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ வெளியாகி உலகமே பேசியது. அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது, மார்ச்சில் அது நீங்கிவிட்டது. பழங்குடியினர் பாதுகாப்புக்கான ஒழுங்குவிதி 1956-லிருந்தே இருக்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது.

உங்கள் ஏஜென்ட் "அதிர்ஷ்டம் இருந்தால்" என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தை போதும். காட்டில் விலங்கு கண்ணில் படுமா என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தேடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் போட்டோ எடுக்கமாட்டீர்கள், பிஸ்கட் எறியமாட்டீர்கள், தெரியும். ஆனால் வண்டி நிறைய ஆட்கள் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டு போவதே அவர்கள் வீட்டு முற்றத்தில் நடக்கிறது. குகையைப் பார்க்கிற ஆசைக்கு அது விலை என்றால் நான் கொடுக்கத் தயாராக இல்லை.

தீவுத்தமிழன்:
நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். கொஞ்சம் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஏ.டி.ஆர் சுற்றுலாவுக்காகப் போட்ட சாலை இல்லை. வடக்கே உள்ள ரங்கத், மாயாபந்தர், டிக்ளிபூர் மக்களுக்கு ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட், காய்கறி எல்லாம் அதன் வழியாகத்தான். கப்பல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். பிரசவ வலி வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பலுக்குக் காத்திருக்க முடியுமா? சாலையை மூடு என்று வெளியூரிலிருந்து எழுதுவது சுலபம்.

பாராடாங்கில் படகு ஓட்டுபவர்கள், குகைக்குக் கூட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஞ்சிக்காரர்கள். சோட்டாநாக்பூர் பக்கமிருந்து காட்டு வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களும் பழங்குடியினர்தான், ஆனால் இங்கே பழங்குடியினருக்கான சலுகை அவர்களுக்கு இல்லை. படகுதான் பிழைப்பு. யாரும் வரவேண்டாம் என்றால் அவர்கள் வயிற்றில் அடிப்பது போலாகும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். ஜாரவாவைக் காட்டுகிறேன் என்று சொல்லி வியாபாரம் பண்ணுபவர்கள் எங்கள் ஊருக்கே கெட்ட பெயர். அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள். சட்டமும் வேடிக்கை இல்லை, மொபைலில் ஒரு படம் எடுத்தாலும் வண்டியோடு பிடிப்பார்கள், வழக்கு சிறைவரை போகும். நல்ல டிரைவர் என்றால் ஜிர்காடாங் தாண்டும்போதே கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை உள்ளே வைக்கச் சொல்வார்.

நிழல்தரு:
தீவுத்தமிழன் அண்ணா, உங்கள் மீது கோபம் இல்லை. ஊர்க்காரர்கள் போவதைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் குகை பார்க்கப் போகிறவரும் ஒரே சாலையில் போகலாம், காரணம் ஒன்றல்ல. விடியற்காலை வரிசையில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை யாருடையவை என்று உங்களுக்கே தெரியும்.

ராஞ்சி மக்களின் பிழைப்பு பற்றிச் சொன்னது என்னை யோசிக்க வைத்தது, அதை லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அந்தப் பிழைப்பைக் காப்பாற்ற ஜாரவா காட்டின் ஊடாகத்தான் ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்பதில்லையே. கடல்வழியாகக் கொண்டுவரும் பேச்சு எவ்வளவு காலமாக நடக்கிறது! பயணிகள் அதைக் கேட்டால்தான் ஏற்பாடு வரும். சாலைவழியே சௌகரியமாக நடந்துகொண்டிருக்கும்வரை யார் படகு விடப்போகிறார்கள்?

தீவுத்தமிழன்:
கடல்வழி வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான் தம்பி. அதில் உங்களோடு எனக்கு வேறுபாடே இல்லை. அதுவரை போகிறவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

வடகரை:
இருவருக்கும் நன்றி. படிக்கப் படிக்க என் மனம் ஒரு பக்கம் சாய்கிறது. 380 என்ற எண்ணை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா "நம்ம தெருவிலேயே அதைவிட ஜாஸ்தி பேர் இருக்காங்களே" என்றார்கள்.

பையனை ஏமாற்றாமல், அந்தச் சாலையில் போகாமல், கைடோடு ஒரு நாள் தீவுப் பயணம் என்றால் எது? அம்மாவும் வரக்கூடியதாக இருக்க வேண்டும்.

மழைக்குருவி:
ஜாலி பாய். யோசிக்கவே வேண்டாம்.

போர்ட் பிளேர் பக்கத்து வண்டூரிலிருந்து படகில் போகும் சின்னத் தீவு. மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, 1983-ல் அறிவித்தது, 15 தீவுகள். அதில் சுற்றுலாவுக்கு ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரண்டைத்தான் திறக்கிறார்கள், அதுவும் மாற்றி மாற்றி. ஜனவரியில் ஜாலி பாய் திறந்திருக்கும். வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கூட்ட நாளில் கடைசி நேரத்தில் கிடைக்காது. திங்கட்கிழமை விடுமுறை.

எனக்கு அந்த இடத்தின் மீது மரியாதை வந்ததற்குக் காரணமே பிளாஸ்டிக் விஷயம்தான். துறையில் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் அதற்கு டெபாசிட், திரும்பிக் காட்டினால்தான் பணம். தீவில் ஒரு கடை கிடையாது. சாப்பாடு கட்டி எடுத்துப்போய், மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பார்கள், கரையில் இறங்கி மணலைப் பார்த்தால் அந்தக் கெடுபிடி எதற்கு என்று புரியும்.

தீவில் படகுத்துறை இல்லை. பெரிய படகு தள்ளி நிற்கும், அதிலிருந்து கண்ணாடி அடித்தளம் உள்ள சின்னப் படகுக்கு மாற்றுவார்கள். அம்மாவுக்கு இங்கே மட்டும்தான் சிரமம், ஆட்கள் கைகொடுத்து இறக்குவார்கள். நீந்தத் தெரியாதவர்களும் அந்தக் கண்ணாடி வழியாகப் பவளம் பார்க்கலாம். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி நிறையப் பவளம் வெளுத்துவிட்டது, அதனால் இன்டர்நெட் படங்களில் வரும் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். பழுப்பும் மங்கிய பச்சையும்தான் அதிகம். பெரிய சிப்பி ஒன்று வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தால் பையனுக்கு அதுவே போதும்.

ஸ்நார்கெலிங் பண்ணினால் பவளத்தின் மீது காலை ஊன்ற விடாதீர்கள். அது உயிர். கைடுகளே சிலர் களைத்துப்போனவர்களை அதன் மீது நிற்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பவளப்பூ:
பாறைப் பையனுக்கு நீல் தீவு (இப்போது ஷஹீத் தீவு) இயற்கைப் பாலத்தையும் சேர்த்துவிடுங்கள். பழைய பவளப்பாறையை அலை குடைந்து ஆன வளைவு, ஊர்க்காரர்கள் ஹவுரா பாலம் என்பார்கள். பெர்ரியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

இங்கே எல்லாம் தண்ணீர் வற்றும் நேரத்தைப் பொறுத்தது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் பாலத்தின் அடிக்கே போக முடியாது, தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பேக்கேஜ்காரர்கள் தங்களுக்கு வசதியான நேரத்துக்குக் கூட்டிப்போவார்கள், அது கடலுக்கு வசதியான நேரமாக இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நன்றாக வற்றும். அப்போது பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரி, நண்டு, சின்ன மீன்களை உள்ளூர் கைடுகள் காட்டுவார்கள். சிலர் கடல் வெள்ளரியைக் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம், நீருக்குள்ளேயே காட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பாறை வழுக்கும், கூர்மையும் கூட. அம்மா வளைவு வரை வர வேண்டாம், மேலே நிழலில் இருக்கட்டும். பையனுக்குப் பின்னால் வார் உள்ள செருப்பு அவசியம்.

தீவுத்தமிழன்:
பவளப்பூ சொன்ன நேரக் கணக்கு ரொம்பச் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கிழக்கே தள்ளி இருந்தாலும் கடிகாரம் உங்கள் கடிகாரம்தான். ஜனவரியில் ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும். நான்கு மணிக்கு மேல் எந்தத் தீவிலும் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். கடைசி பெர்ரியை நம்பித் திட்டம் போடாமல் அதற்கு முந்தியதில் டிக்கெட் எடுங்கள், கடல் சரியில்லை என்றால் கடைசிச் சேவைக்கு மாற்று கிடையாது.

கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் இறங்க வேண்டாம். 2010-ல் ஹேவ்லாக் தீவில் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார்.

வடகரை:
முடிவு பண்ணிவிட்டோம். பாராடாங் இல்லை. ஏஜென்டிடம் அந்த நாளைக் கழித்துவிடச் சொன்னேன். "எல்லோரும் போகிறார்கள் சார், நீங்கள் மட்டும் ஏன்" என்றார். காரணத்தைச் சொன்னேன், புரிந்ததாகத் தெரியவில்லை. வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜாலி பாய் அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நீல் தீவுக்கு அந்த வாரத்தின் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் நாளைக் குறிப்பது. பையன் குகை இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஜாரவா மக்களைப் பற்றிச் சொன்னதும் நிறையக் கேள்வி கேட்டான், எனக்குப் பதில் தெரியாத கேள்விகளும் இருந்தன. ஒரு நாள் கடல்வழியாகப் போக முடிந்தால் குகைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தீவுத்தமிழன் அண்ணா, வண்டூர் போய்வர நம்பகமான டிரைவர் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

தீவுத்தமிழன்:
அனுப்பிவிட்டேன். காலையில் சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள், வண்டூர் துறையில் பை சோதனைக்கே நேரம் பிடிக்கும். அசல் அடையாள அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு சின்ன மடிப்பு நாற்காலி கிடைத்தால் கொண்டுவாருங்கள், ஜாலி பாய் மணலில் நிழல் உண்டு, உட்கார வசதி குறைவு.